போபியாவுக்கு நடத்தைச் சிகிச்சைகள்: எந்தப் பயத்துக்கு எது?

கரப்பான்பூச்சி பறந்து வந்தால் துள்ளி எழுவது பயம். கரப்பான் இருக்குமோ என்று இரவில் சமையலறைப் பக்கமே போகாமல் தாகத்தோடு படுத்துக்கொள்வது போபியா. குரைக்கும் நாயைக் கண்டு ஒதுங்கி நடப்பது எச்சரிக்கை. தெருமுனையில் நாய் படுத்திருக்கிறது என்று தினமும் இரண்டு தெரு சுற்றிப் போவதும், நாய் வளர்க்கும் உறவினர் வீட்டு விசேஷத்தையே தவிர்ப்பதும் போபியா. ஒரு குறிப்பிட்ட உயிரையோ பொருளையோ சூழலையோ கண்டு, அதிலுள்ள ஆபத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவு பயம் வந்து, அதற்காக அன்றாட வாழ்க்கையே வளைந்துகொடுத்து, இந்த நிலை ஆறு மாதங்களோ அதற்கு மேலோ நீடித்தால் மனநல மருத்துவர்கள் அதைக் குறிப்பிட்ட போபியா என்று வகைப்படுத்துகிறார்கள்.

இதில் ஐந்து பிரிவுகள் உண்டு. விலங்குகளும் பூச்சிகளும் ஒன்று. உயரம், இடி, தண்ணீர் போன்ற இயற்கைச் சூழல்கள் இன்னொன்று. ரத்தம், ஊசி, காயம் மூன்றாவது. லிஃப்ட், விமானம், ஸ்கேன் குழாய் போன்ற இடங்கள் நான்காவது. தொண்டை அடைத்துக்கொள்ளுமோ, வாந்தி வந்துவிடுமோ என்பது போன்ற மற்றவை ஐந்தாவது. இந்தப் பிரிவைத் தெரிந்துகொள்வது வெறும் பெயருக்காக இல்லை. மூன்றாவது பிரிவுக்கான சிகிச்சை மற்ற நான்கிலிருந்தும் ஒரு முக்கியமான இடத்தில் மாறுகிறது. அதைப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம்.

மனநலப் பிரச்சினைகளிலேயே சிகிச்சைக்கு நன்றாக வசப்படுகிறவற்றுள் இது ஒன்று. ஆனாலும் பெரும்பாலோர் சிகிச்சைக்கு வருவதே இல்லை. “இதற்கெல்லாமா டாக்டர்?” என்ற கூச்சம் ஒரு காரணம். சிகிச்சை என்றால் பாம்பைப் பிடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் இன்னொரு காரணம். அந்த அச்சத்தைப் போக்கத்தான் இந்த ஒப்பீடு. இப்போது புழக்கத்தில் உள்ள நடத்தைச் சிகிச்சைகளுக்குப் பெயர்கள் பல. பலன் தருகிற எல்லாவற்றின் உள்ளும் இருப்பது ஒன்றுதான்: பயப்படும் பொருளின் முன்னால், ஓடிவிடாமல், போதுமான நேரம் இருப்பது. எவ்வளவு வேகமாக, யாருடன், நிஜத்திலா கற்பனையிலா, அந்த நேரத்தில் உடம்பை என்ன செய்வது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

பயம் ஏன் தானாகப் போவதில்லை

அமெரிக்க உளவியலாளர் ஹோபார்ட் மவுரர் 1947-ல் இதற்கு இரண்டு கட்ட விளக்கம் ஒன்றைத் தந்தார். முதல் கட்டத்தில் ஒரு பொருளும் ஒரு அதிர்ச்சியும் மனத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. நாய் கடித்தது, லிஃப்ட் நடுவில் நின்றது என்பது போல. இரண்டாம் கட்டம் தவிர்ப்பு. அந்தப் பொருளைக் கண்டதும் விலகி ஓடுகிறோம். ஓடியவுடன் நெஞ்சு படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதியே பரிசாகி, அடுத்த முறையும் ஓடச் சொல்கிறது. ஓடிக்கொண்டே இருப்பதால் “நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?” என்பதை மூளை ஒருபோதும் தெரிந்துகொள்வதில்லை.

முதல் கட்டம் எல்லோருக்கும் பொருந்தாது. பல்லிக்குப் பயப்படும் பலரைப் பல்லி எதுவும் செய்ததில்லை. அம்மாவோ அத்தையோ அலறியதைச் சிறு வயதில் பார்த்திருப்பார்கள், அல்லது எப்போது தொடங்கியது என்றே நினைவிருக்காது. இரண்டாம் கட்டம் மட்டும் அநேகமாக எல்லோரிடமும் இருக்கிறது. அதனால்தான் நடத்தைச் சிகிச்சை “இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?” என்று தோண்டுவதில் நேரத்தைச் செலவிடாமல், “இன்று இதைத் தாங்கிப் பிடித்திருப்பது எது?” என்று கேட்கிறது. காரணம் தெரியாமலேயே குணமாகலாம். இது பலருக்கு ஆறுதலான செய்தி.

தளர்வோடு படிப்படியாக: வோல்ப் முறை

1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயல் கூண்டைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலோடு விளையாடினான். இந்த எண்ணத்தைப் பெரியவர்களுக்கான முறையான சிகிச்சையாக வளர்த்தவர் தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப். அவர் 1958-ல் வெளியிட்ட நூலோடு இது உலகெங்கும் பரவியது. பயமும் உடல் தளர்வும் ஒரே நேரத்தில் ஒரே உடம்பில் இருக்க முடியாது. ஆகவே தளர்வைக் கொண்டு பயத்தை அடக்கலாம் என்பது அவருடைய கணக்கு.

முதலில் தசைத் தளர்வுப் பயிற்சி. கை, தோள், முகம், வயிறு, கால் என்று ஒவ்வொரு தசைக் கூட்டத்தையும் ஐந்து முதல் ஏழு விநாடி இறுக்கி, இருபது முப்பது விநாடி தளர விட வேண்டும். வீட்டில் தினமும் செய்து, நினைத்தவுடன் உடம்பைத் தளர்த்த வரும்வரை பழக வேண்டும். அடுத்தது பயப் பட்டியல். மிகக் குறைவாகப் பயம் தரும் காட்சியிலிருந்து மிகக் கொடியது வரை பத்துப் பதினைந்து காட்சிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பய எண் கொடுக்க வேண்டும். இந்த எண்முறையும் வோல்ப் தந்ததுதான். இன்றும் எல்லாச் சிகிச்சைகளிலும் பயன்படுகிறது. மூன்றாவதாக, கண்ணை மூடித் தளர்ந்த நிலையில் முதல் காட்சியைச் சில விநாடிகள் மனத்தில் கொண்டுவருவது. பயம் எழுந்தால் விரலை உயர்த்திச் சைகை காட்டவேண்டும். சிகிச்சையாளர் காட்சியை நிறுத்தி, மறுபடி தளர வைப்பார். ஒரு காட்சி பலமுறை பயமில்லாமல் கடந்தால்தான் அடுத்த படி.

இது மென்மையான முறை. நிஜப் பொருளை ஒருமுறைகூடப் பார்க்க முடியாத அளவு பயந்தவருக்கும், மறுபடி மறுபடி ஏற்பாடு செய்ய முடியாத விமானப் பயணம் போன்றவற்றுக்கும் தொடக்கமாக உதவும். குறைகளும் உண்டு. தளர்வு பழகவே வாரங்கள் போய்விடும். காட்சியை மனத்தில் தெளிவாகக் கொண்டுவர எல்லோராலும் முடியாது. பெரிய குறை, கற்பனையில் அடங்கிய பயம் நேரில் முழுதாக அடங்குவதில்லை. நாற்காலியில் அமர்ந்து நூறு முறை நாயை நினைத்தவரும் தெருவில் நாயைக் கண்டதும் தடுமாறலாம். தளர்வு கட்டாயமா என்று பின்னால் சோதித்துப் பார்த்தபோது, அது இல்லாமலும் பயம் குறைந்தது. வோல்ப் எதைத் துணையாக நினைத்தாரோ அந்தப் படிப்படியான எதிர்கொள்ளலே வேலையைச் செய்திருக்கிறது. இன்று இந்த முறையை முழுவடிவில் முதல் தேர்வாகப் பரிந்துரைப்பவர்கள் குறைவு.

எடுத்த எடுப்பில் உச்சம்: வெள்ள முறை

வோல்புக்கு நேர் எதிராக, பட்டியலின் கடைசிப் படியிலேயே தொடங்கி, பயம் உச்சிக்கு ஏறித் தானாக வடியும்வரை நிறுத்தி வைப்பது வெள்ள முறை. 1960-களில் உளவியலாளர் தாமஸ் ஸ்டாம்ஃபில் இதன் கற்பனை வடிவத்தைப் பரப்பினார். பலன் இருக்கிறது, விரைவாகவும் வரும். ஆனால் நோயாளி பாதியில் எழுந்து ஓடிவிட்டால், மிக உயர்ந்த பயமும் மிகப் பெரிய நிம்மதியும் ஒரே நிமிடத்தில் நிகழ்ந்து தவிர்ப்பு இன்னும் ஆழமாக வேரூன்றிவிடும். இதே பலனை வேதனை குறைந்த வழிகள் தரும்போது இதைத் தேர்வதற்குக் காரணம் எதுவும் இல்லை. வீட்டில் சிலர் செய்வது போல, பயந்த பிள்ளையின் மேல் பல்லியைப் போட்டுச் சிரிப்பதும் லிஃப்டில் தள்ளிக் கதவை மூடுவதும் வெள்ள முறையே இல்லை. சம்மதம் இல்லாமல் செய்வது எதுவும் சிகிச்சை ஆகாது, நம்பிக்கையைத்தான் உடைக்கும்.

நேரில், படிப்படியாக

இப்போது முதலிடத்தில் இருப்பது இது. பட்டியல் உண்டு, கற்பனை இல்லை, தளர்வுப் பயிற்சி தேவையில்லை. நாய்ப் பயத்துக்கான ஏணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாய்க்குட்டியின் படம் 10. சத்தமில்லாத காணொளி 20, குரைக்கும் காணொளி 30. சங்கிலியில் கட்டிய, பழகிய நாயை இருபது மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது 45, ஐந்து மீட்டரில் 55. உரிமையாளர் பிடித்திருக்க ஒரே அறையில் உட்கார்வது 65. முதுகைத் தொடுவது 75. சங்கிலியைத் தானே பிடித்து நடப்பது 85. அவிழ்த்துவிட்ட நாயோடு அறையில் இருப்பது 95. எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு அருகாமையைவிடக் குரைப்புச் சத்தம் கொடியது. இன்னொருவருக்கு நாயின் நாக்கு. இதை விசாரிக்காமல் பொதுவான ஏணியைத் தூக்கிக் கொடுத்தால் சிகிச்சை இடையிலேயே மாட்டிக்கொள்ளும்.

நம் ஊரில் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பயிற்சிக்குத் தெருநாய் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி போட்ட, சாதுவான வீட்டு நாய் வேண்டும். அதன் உரிமையாளர் கூடவே இருக்க வேண்டும். அறிமுகமில்லாத தெருநாயைக் கண்டு எச்சரிக்கையாக இருப்பது சிகிச்சை முடிந்த பின்னும் இருக்க வேண்டிய நல்ல பழக்கம். எந்த நாய் கடித்தாலும் புண்ணைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே தடுப்பூசிக்குப் போக வேண்டும். பாம்புப் பயத்திலும் இப்படித்தான். நஞ்சுள்ள பாம்புகள் வயலிலும் கொல்லையிலும் திரியும் நாட்டில் “எந்தப் பாம்பையும் தொடலாம்” என்பது சிகிச்சையின் இலக்காக இருக்க முடியாது. படத்தைப் பார்ப்பது, கிண்டி பாம்புப் பண்ணையில் கண்ணாடிக்கு ஒரு கை தூரத்தில் நிற்பது, புல்தரையில் நடுங்காமல் நடப்பது ஆகியவை போதும்.

ஒரு படியில் எவ்வளவு நேரம் நிற்பது? பழைய விதி, பய எண் பாதியாகக் குறையும்வரை. ஒரு அமர்வு முப்பது நிமிடத்திலிருந்து தொண்ணூறு நிமிடம் வரை நீளலாம். இரண்டு நிமிடம் நின்றுவிட்டு “செய்தாயிற்று” என்று திரும்புவதுதான் வீட்டில் தாமாக முயல்பவர்கள் தோற்பதற்கு முதல் காரணம். பயம் ஏறிக்கொண்டிருக்கும்போதே கிளம்பினால், மூளை கற்பது “தப்பித்தோம்” என்பதைத்தான்.

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மிஷேல் கிராஸ்கேயும் அவருடைய குழுவினரும் இந்தப் பழைய விதியைச் சற்று மாற்றியிருக்கிறார்கள். பழைய பயம் அழிவதில்லை, அதன் பக்கத்தில் “ஒன்றும் ஆகவில்லை” என்ற புதிய நினைவு எழுதப்படுகிறது, இரண்டும் போட்டியிடுகின்றன என்பது அவர்கள் பார்வை. ஆகவே பயம் குறைந்ததா என்பதைவிட, எதிர்பார்த்தது நடந்ததா என்பதே முக்கியம். லிஃப்ட் பயம் உள்ளவரிடம் “என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?” என்று முதலில் கேட்பார்கள். “காற்றுப் போதாமல் ஐந்து நிமிடத்தில் மயங்கிவிடுவேன், 90 சதவீதம் நிச்சயம்” என்று அவர் சொன்னால், அதை எழுதிக்கொண்டு, பத்து நிமிடம் லிஃப்டுக்குள் நிற்பதுதான் பயிற்சி. வெளியே வந்ததும் மயங்கினாரா, காற்றுப் போதவில்லையா, இப்போது எத்தனை சதவீதம் நம்புகிறார் என்று கேட்டு எழுதுவார்கள். படபடப்பு முழுதும் குறையாவிட்டாலும் கணிப்பு பொய்த்தது போதும். அனுபவமுள்ள சிகிச்சையாளர்கள் பலர் இரண்டு அளவையும் சேர்த்தே பார்க்கிறார்கள்; அதுவே நல்லது.

இரண்டாவது பெரிய சறுக்கல், காப்புப் பழக்கங்கள். பல்லி உள்ள அறையில் உட்காருவார், ஆனால் கையில் துடைப்பம் இருக்கும். லிஃப்டில் போவார், ஆனால் கதவோரமாக, போனில் கணவரிடம் பேசிக்கொண்டே. மொட்டைமாடி விளிம்புக்கு வருவார், கண் மட்டும் வானத்தைப் பார்க்கும். பாடலை முணுமுணுப்பது, மூச்சை எண்ணுவது, தண்ணீர் பாட்டிலை இறுகப் பிடிப்பது எல்லாம் இந்த வகைதான். “ஒன்றும் ஆகவில்லை” என்ற பாடம் அப்போது “துடைப்பம் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை” என்று மாறிவிடும். தொடக்கத்தில் ஒருவர் நிற்கவே முடியாத நிலையில் இருந்தால் ஒரு காப்பை அனுமதிக்கலாம். ஆனால் அதைக் கைவிடுவதே அடுத்த படியாகப் பட்டியலில் ஏற வேண்டும்.

பயிற்சிக்குச் சற்று முன் பதற்றம் தணிக்கும் மாத்திரை போட்டுக்கொள்வதும் ஒரு காப்புதான். விமானப் பயத்தில் அல்ப்ரஸோலம் கொடுத்துச் செய்த ஆய்வொன்று 1997-ல் வெளிவந்தது. மாத்திரை போட்ட பயணத்தில் பயம் குறைந்தது. ஒரு வாரம் கழித்து மாத்திரையில்லாமல் பறந்தபோது, வெற்று மாத்திரை எடுத்திருந்தவர்களைவிட அவர்கள் அதிகம் தவித்தார்கள். ஏற்கெனவே இப்படிப்பட்ட மருந்தைத் தொடர்ந்து எடுப்பவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டே குறைக்க வேண்டும்.

செய்து காட்டிச் செய்ய வைப்பது

1969-ல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் இரு சகாக்களும் பாம்புப் பயம் உள்ளவர்களிடம் ஒரு நேரடி ஒப்பீடு நடத்தினார்கள். ஒரு குழுவுக்கு வோல்பின் தளர்வு முறை. ஒரு குழு, பிறர் பாம்பைக் கையாளும் படத்தைப் பார்த்தது. ஒரு குழுவில் சிகிச்சையாளர் முதலில் தானே பாம்பைத் தொட்டார். பிறகு நோயாளியின் கையைத் தன் கைமேல் வைத்துத் தொட வைத்தார். பிறகு மெல்லத் தன் கையை விலக்கிக்கொண்டார். இன்னொரு குழுவுக்குச் சிகிச்சையே இல்லை. கடைசிச் சோதனை, பாம்பைத் தன் மடியில் விட்டுக்கொண்டு கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டபடி உட்கார்வது. கூடவே செய்த குழுவில் 92 சதவீதம் பேர் அதை முடித்தார்கள். மற்றக் குழுக்கள் இந்த அளவை நெருங்கவில்லை.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் எளியது. சிகிச்சையாளர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து “தொடுங்கள்” என்று சொல்வதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து தான் முதலில் தொடுவது வேகமாக வேலை செய்கிறது. பார்ப்பது மட்டும் போதாது. பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். உதவிக் கை படிப்படியாக விலக வேண்டும். விலகாத கை இன்னொரு காப்புப் பழக்கம் ஆகிவிடும்.

மூன்று மணி நேரத்தில் ஒரே அமர்வு

ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ்-கோரன் ஒஸ்ட், நேரடி எதிர்கொள்ளலையும் செய்துகாட்டலையும் இணைத்து ஒரே அமர்வாகச் சுருக்கினார். அதிகபட்சம் மூன்று மணி நேரம். 1989-ல் அவர் வெளியிட்ட முடிவுகளில் 20 நோயாளிகள், சராசரியாக 2.1 மணி நேரச் சிகிச்சை. சராசரியாக நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களில் 90 சதவீதம் பேர் நன்கு முன்னேறியோ முழுதும் குணமாகியோ இருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் பின்னர் பலரும் பல நாடுகளில் திரும்பச் செய்து பார்த்து ஏற்றுக்கொண்ட முறை இது, குழந்தைகளுக்கும் பயன்படுகிறது.

கரப்பான்பூச்சிப் பயத்தை வைத்து இது எப்படி நடக்கும் என்று பார்க்கலாம். இதற்கு முன்னதாக ஒரு மணி நேரச் சந்திப்பு ஒன்று இருக்கும். “அது மேலே ஏறினால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?” என்று துருவிக் கேட்பார்கள். “துணிக்குள் புகுந்துவிடும், என்னால் தாங்க முடியாமல் பைத்தியம் பிடித்துவிடும்” என்பது போன்ற பதில் கிடைக்கும். அதுதான் சோதித்துப் பார்க்க வேண்டிய கணிப்பு. அந்தச் சந்திப்பிலேயே உடன்பாடும் செய்துகொள்வார்கள்: சொல்லாமல் எதையும் செய்ய மாட்டேன், முதலில் நான் செய்து காட்டுவேன், உங்கள் சம்மதத்தோடுதான் அடுத்த படி. திடீர்ச் செயல் ஒன்று நடந்தால்கூட மீதி நேரம் வீணாகும்.

சிகிச்சை நாளில் மூடிய டப்பாக்களில் சிறிதும் பெரிதுமாகச் சில பூச்சிகள் இருக்கும். சாக்கடையில் பிடித்ததைக் கொண்டுவரக் கூடாது. வளர்த்த பூச்சிகள் வேண்டும். ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் பூச்சியை விட்டு, அதன்மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து, அடியில் தபால் அட்டையைச் சொருகித் தூக்குவதுதான் முதல் வேலை. இதை மூன்று நான்கு முறை செய்யும்போதே பலருக்கு ஒரு மாற்றம் தெரியும்: பூச்சி தன்னை நோக்கி வருவதில்லை, தன்னிடமிருந்து ஓடத்தான் பார்க்கிறது. அடுத்து, நீண்ட பென்சிலால் தொடுவது. பென்சிலைச் சிறிது சிறிதாகக் குட்டையாகப் பிடிப்பது. விரல் நுனியால் தொடுவது. சிகிச்சையாளர் கையில் நடக்கும் பூச்சியைத் தன் கைக்கு ஏற விடுவது. ஒவ்வொரு படிக்கும் முன் “இப்போது என்ன ஆகும்?” என்ற கேள்வி வரும்; பின் “என்ன ஆயிற்று?” என்ற கேள்வி வரும். அன்றாடத் தேவைக்கு மேலேயும் போவார்கள். வீட்டில் யாரும் கரப்பானைக் கையில் எடுக்கத் தேவையில்லைதான். ஆனால் கையில் ஏறவிட்டவருக்குச் சமையலறை மூலையில் ஒன்றைப் பார்ப்பது பெரிய விஷயமாக இருக்காது. முடிந்ததும் கையைச் சோப்பால் கழுவுவது சுகாதாரம். அதைத் தவிர்க்கச் சொல்வதில்லை.

ஒரே நாளில் முடிவது, வேலைக்கு விடுப்பு எடுத்து நெடுந்தூரம் வரவேண்டியவர்களுக்குப் பெரிய வசதி. ஆனால் மூன்று மணி நேரம் களைப்பூட்டும். சிகிச்சையாளரிடம் நல்ல பயிற்சியும் பொருள்கள் தயாராக இருப்பதும் அவசியம். “ஒரே அமர்வு” என்பதை “ஒரே நாளில் எல்லாம் முடிந்தது” என்று புரிந்துகொள்பவர்களுக்குப் பயம் திரும்பக்கூடும். அதன் பிறகு வீட்டில் தொடரும் பயிற்சியும் இந்த முறையின் பகுதிதான்.

ரத்தம், ஊசி: இங்கே தளர்வு எதிரி

மற்ற போபியாக்களில் இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. மயக்கம் வருமோ என்று தோன்றினாலும் வருவதில்லை. ரத்தத்தையும் ஊசியையும் கண்டு பயப்படுகிறவர்களில் பலருக்கு அழுத்தம் முதலில் ஏறி, சில நொடிகளிலோ நிமிடங்களிலோ சடாரென இறங்குகிறது. துடிப்பும் குறைகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து, கண் இருண்டு, விழுந்துவிடுகிறார்கள். இது குடும்பத்தில் தொடர்வதும் சகஜம். இவர்களிடம் போய் “உடம்பைத் தளர்த்துங்கள், ஆழமாக மூச்சு விடுங்கள்” என்று சொன்னால் அழுத்தம் இன்னும் இறங்கத்தான் உதவும். நல்ல மனத்தோடு சொல்லப்படும் மிகத் தவறான அறிவுரை இது.

ஒஸ்டும் அவருடைய சகா ஸ்டெர்னரும் 1987-ல் இதற்கு நேர்மாறான ஒரு பயிற்சியை விவரித்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து கை, மார்பு, கால் தசைகளை ஒன்றாக இறுக்க வேண்டும். முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை, பத்து முதல் பதினைந்து விநாடி. பிறகு விட வேண்டும். ஆனால் துவண்டு போகும் அளவுக்குத் தளர்த்தக் கூடாது, இயல்பான நிலைக்கு வந்தால் போதும். இருபது முப்பது விநாடி இடைவெளி. இப்படி ஐந்து முறை செய்தால் ஒரு சுற்று. ஒரு நாளைக்கு ஐந்து சுற்று, ஒரு வாரம். மூச்சைப் பிடித்துக்கொள்வதும் முகத்தை நெரிப்பதும் பொதுவாக நடக்கும் தவறுகள். தலைவலி வந்தால் இறுக்கம் அதிகம் என்று பொருள்.

பழகிய பின், காயங்களின் படங்களைப் பார்த்துக்கொண்டே இறுக்குவது. இங்கே நுட்பம் ஒன்று இருக்கிறது. வியர்வை, வயிற்றில் ஒரு குழைவு, காதடைப்பு, கொட்டாவி என்று ஒவ்வொருவருக்கும் மயக்கத்தின் முதல் அறிகுறி வேறு. அந்த முதல் அறிகுறியிலேயே இறுக்கத் தொடங்க வேண்டும். கண் இருண்ட பின் தொடங்கினால் தாமதம். அடுத்து ரத்த தான முகாமைப் பார்ப்பது, பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பது. ஊசி போடும்போது அந்தக் கையை மட்டும் தளர விட்டு மற்றவற்றை இறுக்க வேண்டும். இதைத் தனியாகப் பழக வேண்டும், இல்லாவிட்டால் ஊசி ஏறும் தசையும் இறுகி வலி கூடும். முன்பு மயங்கி விழுந்தவர்கள் படுத்துக்கொண்டே ஊசி போட்டுக்கொள்வது முதலில் பாதுகாப்பு. உயர் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

1991-ல் 30 பேரிடம் செய்த ஒப்பீட்டில், இறுக்கப் பயிற்சியும் எதிர்கொள்ளலும் சேர்த்துச் செய்தவர்களில் 90 சதவீதம் பேரும், எதிர்கொள்ளல் மட்டும் செய்தவர்களில் 40 சதவீதம் பேரும் தெளிவாக முன்னேறினார்கள். பின்னாளில் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் இடைவெளி இத்தனை பெரிதாக இல்லை என்கிறார்கள். என்றாலும், மயங்கி விழும் வழக்கம் உள்ளவருக்கு இந்தப் பயிற்சியைக் கற்றுக் கொடுப்பதே சரி. ஊசியைக் கண்டு பயம் மட்டும், மயக்கம் இல்லை என்பவருக்கு வழக்கமான படிப்படியான முறை போதும்.

மெய்நிகர்க் கருவிகள்

விமானம், உயரம் போன்றவற்றை மருத்துவமனை அறைக்குள் கொண்டுவர முடியாது. நிஜம் போன்ற காட்சியைக் கண்முன் காட்டும், தலையில் மாட்டும் மெய்நிகர்க் கருவி (VR) இந்த இடத்தில் பயன்படுகிறது. உயரப் பயத்தில் நேரடி முறைக்கு நிகரான பலன் கிடைத்ததாக 2002-லேயே நெதர்லாந்தில் ஒப்பீடு வந்தது. 2018-ல் ஆக்ஸ்போர்டு குழு 100 பேரைக் கொண்டு செய்த ஆய்வில், சிகிச்சையாளர் இல்லாமல் கருவிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் வழிகாட்டி நடத்திய சுமார் இரண்டு வாரப் பயிற்சியில் உயரப் பயம் சராசரியாக 68 சதவீதம் குறைந்தது. ஒப்பிட்டது சிகிச்சையே பெறாத குழுவோடு என்பதை மறக்கக் கூடாது. ஸ்பெயினில் கிறிஸ்டினா பொடேய்யாவின் குழு, நிஜ மேசைமேல் கரப்பான் ஓடுவது போலக் காட்டும் கருவியை உருவாக்கிப் பயன்படுத்தியிருக்கிறது. கருவியில் வென்ற பின் நிஜ மாடிக்கும் ஏறிப் பார்க்க வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியமான சேர்க்கை.

எல்லாவற்றையும் அருகருகே வைத்தால்

2008-ல் 33 ஆய்வுகளைத் திரட்டிய அலசல் ஒன்று, எதிர்கொள்ளல் உள்ள சிகிச்சைகள் அது இல்லாதவற்றைவிட மேல் என்று காட்டியது. சிகிச்சை முடிந்த கையோடு பார்த்தால் நேரடி முறை கற்பனை, மெய்நிகர் முறைகளைவிட முந்தியது. சில மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. பல அமர்வுகள் ஒரே அமர்வைவிடச் சற்றே மேல். நேரடி முறையை முழுதாக முடித்தவர்களில் 80 முதல் 90 சதவீதம் பேருக்குப் பலன் என்று 2007-ல் வந்த மறுபார்வை கூறுகிறது. ஆனால் ஏற்காதவர்களும் பாதியில் நின்றவர்களும் இந்தக் கணக்கில் இல்லை. ஆகவே காகிதத்தில் எது வலிமையானது என்பதோடு, நோயாளி எதை முடிப்பார் என்பதையும் எடைபோட வேண்டும். நேரில் பார்க்கவே மறுப்பவருக்குக் கற்பனையிலோ கருவியிலோ தொடங்கி நேருக்கு வருவது, நேரடி முறையை வற்புறுத்தி ஆளையே இழப்பதைவிட நல்லது.

நடைமுறையில் தேர்வு இப்படி அமையும். பூச்சி, விலங்குப் பயத்துக்குச் செய்துகாட்டலோடு கூடிய ஒரே அமர்வு. லிஃப்ட், மூடிய அறைக்கு நேரடி முறை, கணிப்பை எழுதிச் சோதிப்பதோடு. விமானத்துக்கும் உயரத்துக்கும் கருவி கிடைத்தால் கருவி, பிறகு நிஜம். மயக்கம் வரும் ரத்தப் பயத்துக்குத் தசை இறுக்கம். சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டோடு சேர்த்த நேரடி முறை. கூடவே பெற்றோருக்கும் ஒரு பாடம் உண்டு. பிள்ளை அலறியவுடன் தூக்கிக்கொண்டு ஓடுவது அன்புதான், ஆனால் அதுவும் தவிர்ப்புதான்.

சிகிச்சைக்குப் போகும்போது மருத்துவ உளவியலாளரிடம் கேட்கத் தயங்கக் கூடாத கேள்விகள் சில: நேரடிப் பயிற்சி செய்வீர்களா, பேச்சு மட்டுமா? எத்தனை அமர்வு? வீட்டுப் பயிற்சி என்ன? பெரிய அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் இந்திய அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். தீவிர மனச்சோர்வு, அடிக்கடி வரும் பீதித் தாக்குதல், இதய நோய், வலிப்பு ஆகியவை இருந்தால் தாமாக முயலாமல் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பயம் திரும்பினால்

புது இடம், நீண்ட இடைவெளி, வேறொரு அதிர்ச்சி ஆகிய மூன்றும் அடங்கிய பயத்தைக் கிளப்பக்கூடியவை. மருத்துவமனை அறையில் ஒரே நாயோடு பழகியவருக்குக் கடற்கரையில் வேறொரு நாயைக் கண்டதும் நெஞ்சு அடித்துக்கொள்வது இதனால்தான். அதைத் தடுக்க, பயிற்சியின்போதே பொருளையும் இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்: கறுப்பு நாய், வெள்ளை நாய், பகல், மாலை, துணையோடு, தனியாக. முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பிறகு வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று இடைவெளியை நீட்டலாம். திரும்பி வந்த பயத்தைத் தோல்வி என்று எண்ணி மறுபடி சுற்றுவழியில் நடக்கத் தொடங்கினால்தான் பழைய கதை. ஏணியில் இரண்டு படி இறங்கி, அங்கிருந்து அதே வரிசையில் ஏற வேண்டும். இரண்டாம் முறை ஏறுவதற்குப் பெரும்பாலும் முதல் முறை ஆன நேரம் ஆகாது.